புதுமைப்பித்தனின் இருள் எதுவரை?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகள், சில மாதங்களுக்கு முன் ஒரு கதைத் தொகுப்போடு என் அறைக்கு வந்தாள். புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' கதையை அன்று வகுப்பில் நடத்தியிருந்தார்கள். வறுமை, நோய், சாவு, ஏமாற்றம் ஆகியவற்றை விட்டால் பெரிய எழுத்தாளர்களுக்கு எழுத வேறொன்றுமே இல்லையா, சித்தப்பா என்று கேட்டாள். அன்றாடச் செய்திகளில் வரும் துயரம் போதாதென்று கதையிலும் அதையே படித்து என்ன பெறப்போகிறோம் என்பதும் அவளுடைய கேள்வி. இலக்கியம் வாழ்க்கையின் கண்ணாடி என்ற வழக்கமான பதிலைத் தொடங்கிய நான் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். அவள் கேட்டதற்கு அது பதிலாகாது என்பது எனக்கே தெரிந்தது.

இந்தக் கேள்வியோடு அணுகுவதற்குப் புதுமைப்பித்தனைவிடப் பொருத்தமானவர் தமிழில் இல்லை. தம் கதைகளுக்குப் பொதுவான இயல்பு நம்பிக்கை வறட்சி என்று 'என் கதைகளும் நானும்' கட்டுரையில் அவரே ஒப்புக்கொண்டார். எதிர்மறையான குணம் இலக்கியத்துக்கு வலுச் சேர்க்குமா என்ற ஐயத்தையும் அவரே எழுப்பினார். படிப்பவரின் பக்குவத்தைப் பொறுத்தது அது என்று சொல்லி, பொறுப்பை நம் பக்கம் நகர்த்தினார். அந்தப் பதில் நெடுங்காலம் எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்று அது பாதிப் பதில் என்றே தோன்றுகிறது. மறுபாதியை அவருடைய வாழ்க்கையிலும், அவர் கதைகளின் இருள் மாறிவந்த விதத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

தாயில்லாத பிள்ளை

சொ.விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன், 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்க வருவாய்த் துறையில் பணியாற்றியவர். பணி மாறுதல்களோடு குடும்பமும் ஊர் ஊராக மாறியது. சிறுவனாக இருக்கும்போதே விருத்தாசலம் தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தாய் வந்த வீட்டில் அந்தச் சிறுவனுக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. பின்னர் குடும்பம் பூர்விக ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. தாமிரபரணிக் கரையின் தெருக்களும், வேளாளர் வீடுகளின் பேச்சும், அந்தப் பேச்சில் இழையோடும் குத்தலும் பின்னாளில் அவர் எழுத்துக்கு அடித்தளம் ஆயின.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் அவர் பி.ஏ. பட்டம் பெற்றது 1931இல். அப்போது வயது 25. பாடப் புத்தகங்களைவிட ஆங்கில நாவல்களிலும் சிறுகதைகளிலும் அவர் மனம் தோய்ந்திருந்ததே இந்தத் தாமதத்துக்குக் காரணம். மகன் தம்மைப் போல் அரசாங்க உத்தியோகத்தில் அமர வேண்டும் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனோ எழுத்தை நம்பி வாழ முடியும் என்று எண்ணினார். உலகப் பொருளாதாரமே சரிந்து கிடந்த காலம் அது. பட்டம் பெற்றவர்களுக்கும் வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்த பிறகு, தந்தையோடு இருந்த கசப்பு முற்றி வீட்டைவிட்டு வெளியேறினார்.

1933இல் 'காந்தி' இதழில் அவருடைய எழுத்து அச்சேறியது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட 'மணிக்கொடி' அவருக்கு உரிய களமாக அமைந்தது. சென்னைக்கு வந்தார். இடையில் சிறிது காலம் காரைக்குடியில் 'ஊழியன்' இதழில் பணியாற்றினார். பிறகு டி.எஸ்.சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்ட 'தினமணி'யில் துணையாசிரியரானார். பகலில் செய்திகளை மொழிபெயர்ப்பதும் இரவில் கதை எழுதுவதுமாக அவருடைய சென்னை வாழ்க்கை நகர்ந்தது. மாதச் சம்பளம் வீட்டுச் செலவுக்குப் போதாத நிலையில், கமலா நீண்ட காலம் திருவனந்தபுரத்தில் இருக்க நேர்ந்தது. அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்ற தலைப்பில் நூலாயின. பணம் அனுப்ப முடியாத சங்கடமும், அடுத்த வாரம் அனுப்பிவிடுவதாகச் சொல்லும் சமாதானமும், உடல்நலம் பற்றிய விசாரிப்பும் அந்தக் கடிதங்களில் மாறிமாறி வருகின்றன. குழந்தையைப் பறிகொடுத்த துயரமும் அந்தத் தம்பதியருக்கு வந்தது. கதைகளில் காணாத ஒரு குரல் இந்தக் கடிதங்களில் ஒலிக்கிறது. அன்பைச் சொல்லத் தயங்காத குரல் அது.

இருளின் கவர்ச்சி

அவர் எழுதவந்த காலத்தில் தமிழ்க் கதை பெரும்பாலும் நீதி சொல்வதாக இருந்தது. நல்லவர் துன்பப்பட்டு இறுதியில் வெல்வார், தீயவர் திருந்துவார் அல்லது அழிவார். சீர்திருத்தக் கதை என்றால் விதவைக்கு மறுமணம் நடக்கும். தேசியக் கதை என்றால் நாயகன் சிறை செல்வான். வாரப் பத்திரிகைகள் வாசகரை மகிழ்வித்து அனுப்பவே விரும்பின. இவற்றுக்கு நடுவே, 1934இல் 'பொன்னகரம்' வெளியானது.

ரயில் பாதையை ஒட்டிய சென்னைக் குடிசைப் பகுதி ஒன்று. ஜட்கா ஓட்டும் முருகேசன் அடிபட்டுக் கிடக்கிறான். ஆலையில் வேலை செய்யும் அம்மாளுவிடம் அவனுக்குக் கஞ்சி காய்ச்சப் பணம் இல்லை. தண்ணீர் எடுக்கப் போகும் அவள், தன்மேல் கண்வைத்திருந்த ஒருவனோடு சந்துக்குள் செல்கிறாள். முக்கால் ரூபாய் சம்பாதித்துத் திரும்புகிறாள். கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களை நோக்கி எழுத்தாளர் சாட்டையைச் சுழற்றுவதோடு கதை முடிந்துவிடுகிறது. நகரத்தின் பொன்னொளிக்குப் பின்னே இப்படியொரு தெரு இருப்பதைத் தமிழ்ப் புனைகதை அதுவரை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை.

இதைத் தொடர்ந்து வந்த கதைகள் ஒவ்வொன்றும் ஒரு பழைய ஆறுதலைப் பிடுங்கி எறிந்தன. 'மனித யந்திர'த்தின் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பல்லாண்டுகளாக இன்னொருவர் கடைக்குக் கணக்கெழுதியவர். ஒரு நாள் கல்லாப் பணத்தோடு ஓடிப்போகத் துணிந்து, ரயில்வரை சென்று, திரும்பிவந்து கணக்கைச் சரிசெய்துவிடுகிறார். குற்றம் செய்வதற்கான சுதந்திரத்தைக்கூடப் பழக்கம் அவரிடம் விட்டுவைக்கவில்லை. 'சாபவிமோசன'த்தில், கல்லாகிப் பெண்ணான அகலிகை, சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்டு மீண்டும் கல்லாகிறாள். விமோசனம் என்ற சொல்லின்மீதே அங்கு ஐயம் விழுகிறது.

என் தலைமுறையில் பலரை இந்தக் கதைகள் ஆட்கொண்டன. விடுதி அறையில் இரவெல்லாம் அவற்றைப் படித்திருக்கிறேன். பொய்யான ஆறுதலை மறுக்கும் ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதி அதில் இருந்தது. தன் வீட்டு வறுமையைக் கதையில் காணும் இளைஞன், தான் மட்டும் தனியனல்லன் என்று உணர்கிறான். இருண்ட இலக்கியம் செய்யும் முதல் நன்மை இது. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால், அந்தக் கவர்ச்சியில் வேறொன்றும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். நம்பிக்கையோடு பேசும் நண்பர்களை நாங்கள் அப்பாவிகள் என்று எண்ணினோம். முடிவு சோகமாக இருந்தால் கதை உயர்ந்தது, மகிழ்ச்சியாக முடிந்தால் அது பத்திரிகைக் கதை என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தோம். இருளைப் படித்ததாலேயே உலகை அறிந்துவிட்டோம் என்ற செருக்கு அது. புதுமைப்பித்தன் எதிர்பார்த்த பக்குவம் அதுவாக இருந்திருக்க முடியாது.

எல்லை தெரியும் இடம்

அவருடைய இருளுக்கு எல்லையும் உண்டு. 1935இல் வெளியான 'துன்பக்கேணி'யில் அது தெளிவாகத் தெரிகிறது. திருநெல்வேலிச் சீமையின் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய்ச் சீரழிகிற கதை அது. தோட்டத் தொழிலாளரின் துயரத்தைத் தமிழில் முதன்முதலில் பேசிய படைப்புகளுள் அதற்கு இடமுண்டு. எனினும், தாம் நேரில் வாழ்ந்து அறியாத ஓர் உலகத்தைப் பற்றி அவர் எழுதினார். துன்பத்தின்மேல் துன்பமாக அடுக்கப்படும்போது மருதி என்ற பெண் சிறிதுசிறிதாக மறைந்து, அவளுக்கு நேர்ந்தவை மட்டுமே எஞ்சுகின்றன. அவள் எதைக் கண்டு சிரிப்பாள், எதை விரும்புவாள் என்பது நமக்குத் தெரிவதில்லை. 'பொன்னகர'த்தின் அம்மாளுவுக்கும் இதுவே நேர்கிறது. எழுத்தாளர் சமூகத்தோடு நடத்தும் வழக்கில் அவள் ஒரு சாட்சி. சாட்சி சொல்லி முடித்ததும் கதை அவளைக் கைவிட்டுவிடுகிறது.

இந்தக் குறையை ஒடுக்கப்பட்டோர் தரப்பிலிருந்து பார்த்தவர்கள் கூர்மையாகவே சுட்டியிருக்கிறார்கள். ராஜ் கௌதமன் புதுமைப்பித்தனின் பார்வைக்குள் இயங்கிய சாதி மனத்தை விரிவாக ஆராய்ந்தார். 2014இல் இந்த இரு கதைகளும் எதிர்ப்புக்குள்ளாகி, சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. நீக்கியது சரியென்று நான் நினைக்கவில்லை. ஒரு கதையோடு வாதிட வகுப்பறையைவிட நல்ல இடம் வேறில்லை. ஆயினும், எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வியைப் புறந்தள்ள முடியாது. பிறருடைய துயரத்தை இருளாகத் தீட்டிக் காட்டும்போது, அந்த இருளுக்குள் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறோமா, அல்லது நம் கோபத்துக்கு அவரைப் பயன்படுத்திக்கொள்கிறோமா என்பதுதான் அந்தக் கேள்வி.

விசிறி வீசும் கை

புதுமைப்பித்தனுக்கே இந்தக் கேள்வி எழுந்ததா என்று சொல்ல வழியில்லை. ஆனால், 1940களில் அவர் எழுதியவை வேறு விதமாக இருக்கின்றன. 1941இல் வெளியான 'மகாமசானம்', பரபரப்பான சென்னைச் சாலையோரத்தில் ஒரு பிச்சைக்காரர் இறந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது. மாம்பழம் வாங்கப் போன தந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு சிறுமி அதைப் பார்த்து நிற்கிறாள். நகரமே சுடுகாடு என்று தலைப்பு சொல்கிறது. கதைக்குள்ளோ வசையோ முழக்கமோ இல்லை. குழந்தையின் கண்களும் பழத்தின் வாசனையும் மரணமும் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன.

1943இல் 'கலைமகள்' இதழில் வந்த 'செல்லம்மாள்', என் கருத்தில், அவருடைய இருளின் உச்சம். பிரமநாயகம் பிள்ளை தெற்கிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னை வந்து, ஜவுளிக்கடையில் சொற்பச் சம்பளத்துக்கு உழைப்பவர். மனைவி செல்லம்மாள் நோயாளி. அவர் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார், திரும்பிவந்து பணிவிடை செய்கிறார். அவளுக்கு ஊருக்குப் போக ஆசை, அது நிறைவேறுவதில்லை. அவள் இறந்துபோகிறாள். ஊரும் உறவும் அருகில் இல்லாத இரவில், அவர் தனியாக அவள் உடலருகே இருக்கிறார். உயிரற்ற உடலில் ஈ வந்து அமர்கிறது, அவர் விசிறியால் வீசுகிறார்.

கல்லூரி நாட்களில் இந்தக் கதையை மரணத்தின் அபத்தம் என்று வகைப்படுத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து, என் அம்மா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில், மருத்துவமனை இரவொன்றில் அதை மறுபடி படித்தேன். அப்போதுதான் அந்தக் கதையில் சாவு சில வரிகளிலேயே நடந்துமுடிந்துவிடுவதையும், மற்றப் பக்கங்கள் எல்லாம் ஒரு மனிதர் இன்னொருவரைப் பார்த்துக்கொள்வதைப் பற்றியவை என்பதையும் கவனித்தேன். அடுப்பு மூட்டுவது, தாங்கி உட்கார வைப்பது, மருந்தெடுத்துக் கொடுப்பது, கடையில் கடன் கேட்பது. பிள்ளை நம்பிக்கையோடு இவற்றைச் செய்யவில்லை. அவள் பிழைப்பாள் என்று அவர் எண்ணியிருந்ததாகவும் தெரியவில்லை. இருந்தும் செய்தார். அன்றிரவு எனக்குத் தேவைப்பட்டது நம்பிக்கை வார்த்தை அன்று. அதைச் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர். நான் செய்துகொண்டிருந்ததைத் தானும் செய்த ஒருவர் அந்தப் பக்கங்களில் இருந்தார். அது போதுமானதாக இருந்தது.

'பொன்னகர'த்துக்கும் 'செல்லம்மா'ளுக்கும் இடையே 9 ஆண்டுகள். இரண்டிலும் வறுமை ஒன்றே, நகரமும் ஒன்றே, விடிவு இல்லாமையும் ஒன்றே. முதல் கதையின் இருள் வாசகரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. அதற்கான தேவை அன்று இருந்தது, ஒருமுறை அதிர்ந்த பிறகு அந்தக் கதையில் மேலும் தங்குவதற்கு இடமில்லை. இரண்டாவது கதை வாசகரை நோயாளியின் அருகே அமர்த்துகிறது. அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிச் செல்ல முடிகிறது. இருண்ட எழுத்தின் எல்லையை நான் இந்த வேறுபாட்டில்தான் காண்கிறேன். துயரத்தைக் காட்டுவதோடு நிற்கும் கதை ஓரிடத்தில் தீர்ந்துபோகிறது. துயரப்படுபவரை விட்டு விலகாமல் உடனிருக்கும் கதை தீர்வதில்லை.

அதே ஆண்டில்தான் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வந்தது என்பதையும் நினைவுகொள்ள வேண்டும். சென்னை வீதிக்கு வந்த கடவுள் காப்பி குடிக்கிறார், பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார், கந்தசாமிப் பிள்ளையின் குழந்தையோடு விளையாடுகிறார். நண்பர்கள் புதுமைப்பித்தனைப் பற்றிச் சொல்லும்போது மறக்காமல் குறிப்பிடுவது அவருடைய வெடிச்சிரிப்பை. நம்பிக்கை வறண்டவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர், நகைச்சுவை வறண்டவராக ஒருபோதும் இருக்கவில்லை.

கடைசி ஆண்டுகள்

1943இல் சொக்கலிங்கம் 'தினமணி'யிலிருந்து விலகியபோது புதுமைப்பித்தனும் வெளியேறினார். அடுத்த ஆண்டு சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி'யிலும் அவர் நெடுங்காலம் நீடிக்கவில்லை. எழுத்தால் வாழ முடியாதவரைத் திரைப்படம் அழைத்தது. 'ஔவையார்', 'காமவல்லி' ஆகிய படங்களுக்கு எழுதினார். சொந்தமாகப் படம் எடுக்கும் முயற்சியிலும் இறங்கினார். 'வசந்தவல்லி' என்ற அந்தப் படம் நிறைவேறாமல், கைப்பொருளை மட்டும் கரைத்தது. 1946இல் மகள் தினகரி பிறந்தாள். குடும்பத்தைக் காக்க வேண்டிய கட்டாயம் கூடியது. எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதுவதற்காகப் புனே சென்றார். அங்கே காசநோய் அவரை வீழ்த்தியது.

நோயோடு திருவனந்தபுரம் திரும்பிய அவர், 1948இல் அங்கேயே காலமானார். வயது 42. பதினைந்தே ஆண்டுகளில் 100 அளவிலான கதைகள், கட்டுரைகள், கவிதைகள், உலகச் சிறுகதைகளின் மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றை அவர் விட்டுச்சென்றார். தாம் இறந்த பிறகு தமக்காக நிதி திரட்ட வேண்டாம் என்று கேலியாக ஒரு கவிதையில் அவர் முன்னரே எழுதியிருந்தார். இருக்கும்போது கவனிக்காத சமூகம் இறந்தபின் சிலை வைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மறைந்து மூன்றாண்டுகளில், 1951இல், தொ.மு.சி.ரகுநாதன் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளியானது. அரை நூற்றாண்டு கழித்து, 2002இல், தமிழ்நாடு அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது.

செல்லம்மாளின் படுக்கையருகே இருந்த பிரமநாயகம் பிள்ளையை எழுதியவருக்கு, ஐந்தாண்டுகளுக்குள் அதே போன்ற படுக்கை வாய்த்தது. பக்கத்தில் கமலா இருந்தார். வாழ்க்கை கதையைப் பின்பற்றியது என்று இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தக்க ஊதியமும் தக்க சிகிச்சையும் கிடைத்திருந்தால் அவர் இன்னும் பல ஆண்டுகள் வாழ்ந்து எழுதியிருக்கக்கூடும். எழுத்தாளரின் வறுமையைக் காவியமாக்கும் பழக்கமும் இருளை ரசிப்பதன் ஒரு வகைதான்.

அண்ணன் மகளுக்கு நான் நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லை. 'ஒரு நாள் கழிந்தது' கதையைத் திரும்ப ஒருமுறை, முருகதாசரின் பற்றாக்குறையை ஒதுக்கிவைத்துவிட்டு, குழந்தை அலமு வரும் இடங்களை மட்டும் பார்க்கச் சொன்னேன். கடன் வாங்கிக் காப்பித்தூள் வாங்கும் அந்த வீட்டில், அவளுடைய சுட்டித்தனத்துக்கு எந்தக் குறையும் இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைக்கு நாளை எப்படி விடியும் என்று தெரியாது, எழுதியவருக்கும் தெரிந்திருக்காது. துயரம் மட்டுமே கண்ணில் பட்டிருந்தால் அலமுவை அவரால் எழுதியிருக்க முடியாது. பிறகு 'செல்லம்மாள்' இருக்கும் பக்கத்தை மடித்து, புத்தகத்தை அவளிடமே கொடுத்தேன். அதை இப்போதே படிக்க வேண்டும் என்று அவசரமில்லை, தேவைப்படும் நாளில் அது அங்கே இருக்கும் என்று சொன்னேன்.